அண்ணே, செயின் தொங்குது!

இன்னிக்குக் காலையில மறுபடியும் ஒருத்தர் சொல்லிட்டாரு.

தவளக்குப்பம் நாலு ரோடு. எட்டரை மணி. அந்த நேரத்துல அங்க எப்படி இருக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். கடலூர் பஸ்ஸுங்க வரிசையா ஹாரனை அழுத்திக்கிட்டு நிக்குது. அபிஷேகப்பாக்கம் ரோட்டுலேர்ந்து ஒரு டிராக்டர் பாதி மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது, போறதா நிக்கறதான்னு அதுக்கே தெரியல. நான் என் ஹிமாலயன் பைக் மேல உக்காந்து, ஒரு காலை ஊனிக்கிட்டு, ஹெல்மெட்டுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கேன்.

பக்கத்துல ஒரு எக்ஸ்எல். பின்னாடி மீன் கூடை. நல்லவாட்டுலேர்ந்து வர்றவரா இருக்கணும். என் வண்டியை முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் நிதானமா பாத்தாரு. பாத்துட்டு,

"தம்பி, செயின் தொங்குது பாரு. கழண்டுக்கப் போவுது."

"தெரியும்ண்ணே. வேணும்னுதான் விட்டிருக்கேன்."

அவர் பாத்த பார்வை இருக்கே! வேட்டியை வேணும்னே லூசா கட்டிக்கிட்டு வந்திருக்கேன்னு ஒருத்தன் சொன்னா எப்படிப் பாப்போம், அப்படி.

இந்த மாசத்துல இது மூணாவது வாட்டி. மொதல்ல பெட்ரோல் பங்குல காத்து அடிக்கற பையன். அப்புறம் என் சொந்த மச்சான் (இவனுக்கு ஒரு தனிக் கதை இருக்கு, வர்றேன்). இப்ப மீன்கார அண்ணன்.

கோவமெல்லாம் இல்லீங்க. நம்ம ஆளுங்களோட இந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்னப்பின்ன தெரியாதவன் சைடு ஸ்டாண்டு எடுக்காமப் போனா, ரெண்டு கிலோமீட்டர் துரத்திட்டு வந்து சொல்லிட்டுப் போவாங்க. "யக்கா, பொடவை!"ன்னு கத்தி எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்காங்க. என்ன ஒண்ணு, சொல்றதை நிறுத்த மாட்டாங்க. 2017 ஏப்ரல்லேர்ந்து வர்ற புது டூவீலர் எல்லாத்துலயும் பகல்லயும் ஹெட்லைட் தானாவே எரியும். அணைக்க சுவிட்சே கிடையாது. இத்தனை வருஷம் ஆயிடுச்சு, இன்னும் எதிர்ல வர்றவங்க விரலை விரிச்சு மூடி, விரிச்சு மூடிக் காட்டிட்டுத்தான் போறாங்க. லைட்டுக்கே இந்தக் கதின்னா, செயின் விஷயத்துல எனக்கு விடிவு காலமே இல்லைன்னு புரிஞ்சிடுச்சு.

அதனால ஒரேயடியா எழுதி வச்சிடறேன். இனிமே யாராவது கேட்டா இதைக் காட்டிட்டுப் போயிடலாம்.

கதை இப்படித்தான் ஆரம்பிச்சுது.

மூணு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்டுல வாங்கின வண்டி. பழைய ஹிமாலயன், 411 சிசி. பேர் இமயமலை, பொறந்தது நம்ம சென்னைப் பக்கம், ஓடுறது கடலூர் ரோட்டுல. லடாக் போகணும்னுதான் வாங்கினேன். இதுவரைக்கும் அதிகமா போன அட்வென்ச்சர் அரியாங்குப்பம் மார்க்கெட். (மழைக்காலத்துல போய்ப் பாத்துட்டுச் சிரிங்க.)

வாங்கின ஆறாவது மாசம் ஒரு இடத்துல சர்வீஸுக்கு விட்டேன். பேர் வேணாம், பாவம். சாயங்காலம் வண்டி எடுக்கப் போனா, அந்தப் பையன் பெருமையா சொன்னான்: "சார், செயின் ரொம்பத் தொங்கிட்டிருந்துது. நல்லா டைட் வச்சிட்டேன்."

நானும் செயினை ஒரு தட்டு தட்டிப் பாத்தேன். அசையல. ஆகா, என்ன பொறுப்பான பையன்னு அம்பது ரூபா கையில குடுத்தேன். என் வாழ்க்கையில நானே காசு குடுத்து வாங்கின வினைகள்ல அது ஒண்ணு.

அடுத்த வாரம் கொல்லிமலை. நானும் வீட்டுக்காரியும் ஒரு வண்டி, நண்பன் ஒருத்தன் இன்னொரு வண்டி. பின்னாடி ரெண்டு பேக், அவ முதுகுல ஒண்ணு, டேங்க் மேல ஒண்ணு. விழுப்புரம் தாண்டறதுக்குள்ளயே கீழேர்ந்து ஒரு சத்தம். 'ங்ங்ங்ங்'னு. ஸ்பீடு ஏற ஏற அதுவும் ஏறுது.

"வண்டி அழுவுது"ன்னா வீட்டுக்காரி.

"அது டயர் சத்தம். பட்டன் டயர் அப்படித்தான் கத்தும்"னேன் நான். (கல்யாணம் ஆன ஆம்பளைங்க எல்லாரும் இந்தத் தொனியைக் கேட்டிருப்பீங்க. விஷயம் தெரியாதப்பதான் இந்தத் தொனி வரும்.)

பள்ளத்துல இறங்கறப்ப எல்லாம் பின்பக்கம் மரக்கட்டை மாதிரி 'டங்'னு இடிச்சுது. ஹிமாலயன்ல பள்ளம் தெரியவே தெரியாதும்பாங்க. எனக்கு ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியா அறிமுகம் ஆச்சு.

உளுந்தூர்பேட்டை கிட்ட டீக்கு நிறுத்தினோம். நாங்க ரெண்டு பேரும் இன்னும் வண்டி மேலயே உக்காந்திருக்கோம். நண்பன் இறங்கி வந்து குனிஞ்சு பாத்துட்டு, "டேய், இது செயினா வீணைக் கம்பியா?"ன்னான். விரலால சுண்டினான். சத்தியமா ஒரு சுருதி கேட்டுச்சு.

அவ இறங்கினா. நான் இறங்கினேன். மறுபடி தொட்டுப் பாத்தோம். இப்ப லேசா ஆடுது!

ஆள் உக்காந்தா விறைக்குது, இறங்கினா தளருது. செயினோட நீளம் என்னவோ அதேதான். அப்ப மாறுறது எது?

டீ ஆறிப் போற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் குந்திக்கிட்டு அந்தச் செயினையே பாத்துக்கிட்டிருந்தோம். வீட்டுக்காரி தனியா ரெண்டு வடை சாப்பிட்டு முடிச்சா.

விஷயம் என்னன்னா (இதை மட்டும் கொஞ்சம் பொறுமையா படிங்க, மத்ததெல்லாம் வெட்டிப் பேச்சு):

மாட்டை முளையில கட்டியிருக்கீங்க. மாடு கயிறை இழுத்துப் பிடிச்சபடி முளையைச் சுத்தி நடக்குது. நீங்க முளைக்கு இந்தப் பக்கம், ஒரு அடி தள்ளி நிக்கறீங்க. மாட்டுக்கும் முளைக்கும் தூரம் மாறாது, கயிறு அளவுதான். ஆனா மாட்டுக்கும் உங்களுக்கும்? அது மாறிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு நேரா, முளைக்கு அந்தப் பக்கம் மாடு போய் நிக்கறப்ப, அதாவது நீங்க, முளை, மாடு மூணும் ஒரே கோட்டுல வர்றப்ப, அதுதான் அதிகபட்ச தூரம்.

வண்டியில கயிறுங்கறது பின் சக்கரத்தைத் தாங்கற ஸ்விங் ஆர்ம். முளைங்கறது அதைப் பிடிச்சிருக்கற பிவட் போல்ட்டு. மாடு பின் சக்கரத்து ஆக்ஸில். நீங்க நிக்கற இடத்துல இருக்கறது இன்ஜின் பக்கத்து சின்ன ஸ்ப்ராக்கெட். அந்த ஸ்ப்ராக்கெட் பிவட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி தள்ளி இருக்கறதுனாலதான் இந்தக் கூத்து எல்லாம். ஸ்விங் ஆர்ம் மேல கீழ ஆடறப்ப ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல உள்ள தூரம் மாறுது. மூணும் ஒரே கோட்டுல வர்ற நொடியிலதான் செயின் ரொம்ப விறைக்கும்.

சாதாரண ஊர் வண்டியில பின் ஷாக் ஆடறது கொஞ்சம்தான், அதனால மாற்றமும் கொஞ்சம்தான். ஹிமாலயன்ல பின் சக்கரம் 180 மி.மீ. மேல கீழ போகும். ஸ்டாண்டுல நிக்கறப்ப சக்கரம் நல்லா கீழ தொங்கிக்கிட்டு, அந்த நேர்கோட்டுலேர்ந்து ரொம்பத் தள்ளி இருக்கும். அப்ப செயின் தொங்கியே ஆகணும். தொங்கலைன்னா, ஆள் ஏறி ஒரு பள்ளத்துல இறங்கறப்ப அதுக்குக் குடுக்கறதுக்கு எதுவும் மிச்சம் இருக்காது.

அந்தப் பையன் ஸ்டாண்டுல நிக்கற வண்டியில ஸ்ப்ளெண்டருக்கு வைக்கற மாதிரி வச்சிட்டான். அவன் மேல தப்புன்னு முழுசா சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இருபது வண்டி பாக்கறான், அதுல பதினெட்டு கம்யூட்டர். கை பழகின அளவு அது.

இப்படி விறைச்ச செயினோட ஓட்டினா என்ன ஆவும்? ஷாக் இறங்கணும்னு பாக்கும், செயின் விடாது. அந்த இழுவை முழுக்க இன்ஜின்லேர்ந்து வெளிய வர்ற ஷாஃப்ட்டு மேல, அதோட பேரிங் மேல, பின் வீல் பேரிங் மேல போய் விழும். ஆயில் சீல் கசிய ஆரம்பிக்கும். கடைசியா ஒரு நாள் செயினே அறுந்து போகலாம். செயின் போச்சுன்னா சில ஆயிரம். இன்ஜின் ஷாஃப்ட்டு பேரிங்குன்னா இன்ஜினையே பிரிக்கணும்.

சரி, உளுந்தூர்பேட்டைக்கு வருவோம்.

டூல் கிட்டை எடுத்து அங்கயே லூஸ் பண்ணோம். எவ்ளோ லூஸ்? யாருக்குத் தெரியும்! கண்ணளவுதான். 'கொஞ்சம் தாராளமா விடுவோம், மலை ஏறப் போறோம்'னு நண்பன் சொன்னான். தாராளமா விட்டோம். கல்யாண வீட்டுப் பந்தல் சீரியல் செட்டு மாதிரி தொங்குச்சு.

ஆத்தூர் வரைக்கும் சொர்க்கம். சத்தம் போச்சு, இடி போச்சு. வீட்டுக்காரிகிட்ட "பாத்தியா?"ன்னு ஒரு வார்த்தை வேற கேட்டுட்டேன்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர், திராட்டிலை விடு, திருகு. ஒவ்வொரு வாட்டி திருகறப்பவும் 'டடக்'னு ஒரு உதை. செயின் தளர்ந்து கிடக்கு, திடீர்னு இழுபடுது, இழுபடறப்ப பின்னாடி உக்காந்திருக்கறவ தலை என் ஹெல்மெட்டுல 'டொக்'. எழுபது வளைவு. எழுபது டொக். இருபத்தஞ்சாவது வளைவுக்கு மேல அவ பேசவே இல்ல. (பேசறப்ப பயப்பட மாட்டேன். பேசாதப்பதான் பயம்.)

மேல போய் நிறுத்திப் பாத்தா, ஸ்விங் ஆர்ம் மேல செயின் உரசாம இருக்கறதுக்குப் போட்டிருக்கற பிளாஸ்டிக் பட்டையில புதுசா ஒரு பள்ளம். செயின் அடிச்சு அடிச்சுத் தின்னுருக்கு. இது சின்ன நஷ்டம்தான். லூஸ் செயின் ஸ்ப்ராக்கெட் பல்லைத் தாண்டிக் குதிச்சா, இல்ல கழண்டு போய் பின் சக்கரத்துல சிக்கிக்கிட்டா, ஓடுற வண்டியில பின் சக்கரம் அப்படியே லாக் ஆயிடும். முன்பக்கம் சுருண்டுச்சுன்னா இன்ஜின் கேஸையே உடைச்சிடும். கொண்டை ஊசி வளைவுல அது நடக்கலைங்கறதுக்குக் கொல்லிமலை அரப்பளீஸ்வரருக்குத்தான் நன்றி சொல்லணும்.

அதனால மீன்கார அண்ணன் சொல்றதும் முழுத் தப்பு இல்ல. லூஸ் செயின் ஆளைக் கொல்லும். அவர் எந்த அளவை லூஸுன்னு நினைக்கறாருங்கறதுலதான் எங்களுக்குள்ள தகராறு.

ஊர் திரும்பினதும் ஒரு முடிவு எடுத்தேன். இனிமே கண்ணளவு கிடையாது. அளந்து பாத்துத்தான்.

ஞாயித்துக்கிழமை. வீட்டு வாசல். என் பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸ்லேர்ந்து 15 சென்டிமீட்டர் ஸ்கேல் (கேட்காம எடுத்தேன், கிரீஸோட திருப்பிக் குடுத்தேன், இன்னும் ஞாபகம் வச்சிருக்கா). வேலையாளுங்க: நான், அப்பா, மச்சான்.

எங்கப்பா கொத்தனார். நாப்பது வருஷம் நூல் பிடிச்ச கை. பைக் ஓட்டத் தெரியாது, ஆனா எந்தக் கோடு நேரா இருக்கு, எது கால் விரக்கடை தள்ளியிருக்குன்னு பாத்த உடனே சொல்லிடுவாரு. மச்சானோட தகுதி வேற. அவன் 94 கிலோ.

நான் நினைச்ச திட்டம் இது: ஆளை ஏத்தி உக்கார வச்சு, பிவட் போல்ட்டும் ஆக்ஸிலும் ஸ்ப்ராக்கெட்டும் நேர்கோட்டுக்கு வர்ற வரைக்கும் வண்டியை அழுத்தறது. அந்த நிலையில, செயின் ரொம்ப விறைக்கற அந்த இடத்துல, கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருக்கா பாக்கறது. ஒரு சுண்டுவிரல் கனத்துக்கு இருந்தா போதும். அப்புறம் எல்லாரும் இறங்கி, ஸ்டாண்டுல போட்டு அளந்தா, அதுதான் நம்ம வண்டிக்கான எண்.

(சில பேர் ஷாக்கப்சரோட கீழ் போல்ட்டைக் கழட்டிட்டு சக்கரத்தைக் கையால தூக்கிப் பாப்பாங்க. அதுதான் சுத்தமான முறை. என்கிட்ட ஷாக்கைக் கழட்டற தைரியம் இல்ல. மச்சான் இருந்தான்.)

நான் முன்னாடி, மச்சான் பின்னாடி. அப்பா பக்கவாட்டுல குந்திக்கிட்டு ஒரு நூலை நீட்டிப் பிடிச்சாரு.

"இன்னும் ரெண்டு விரக்கடை இறங்கணும்டா."

மச்சான் எம்பி எம்பிக் குதிச்சான். வாசல்ல போன பக்கத்து வீட்டம்மா நின்னு பாத்துட்டு ஒண்ணும் கேக்காம உள்ள போயிட்டாங்க. கடைசியா லாரியில சரக்கு கட்டுற பட்டைக் கயிறு ஒண்ணைச் சீட்டுக்கும் பின் சக்கரத்துக்கும் சேர்த்துப் போட்டு இறுக்கினோம். அப்பா "நில்லு... நில்லு... ம்ம், நேர்"னாரு.

செயினைத் தொட்டுப் பாத்தேன். கொல்லிமலை அளவுல இன்னும் ஏகப்பட்டது ஆடிச்சு. சரி, அட்ஜஸ்ட் பண்ணுவோம்.

இங்கதான் நான் வரிசையா தப்பு பண்ணேன். கேட்டுக்கோங்க, உங்களுக்காவது உதவும்.

மொதல் தப்பு: ஆக்ஸில் நட்டை லூஸ் பண்ணாமலேயே அட்ஜஸ்டர் போல்ட்டைத் திருகினது. திருகறேன், திருகறேன், ஒண்ணுமே நகரல. "ஜாம் ஆயிடுச்சுப்பா"ன்னேன். அப்பா ஆக்ஸிலைக் காட்டி, "இதைக் கழட்டாம அது எப்படிடா நகரும்?"னாரு. பைக் ஓட்டத் தெரியாத மனுஷன்.

ரெண்டாவது: ஒரு பக்கத்தை மட்டும் நாலு சுத்து சுத்திட்டு அந்தப் பக்கம் மறந்துட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் திருப்பணும், அதுவும் கால் சுத்து கால் சுத்தா. ஆக்ஸில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே செயின் தொய்வு பல மில்லிமீட்டர் மாறிடும். ஸ்விங் ஆர்ம்ல கோடு கோடா அடையாளம் போட்டிருப்பாங்க, அதையும் கண்ணை மூடிட்டு நம்ப முடியாது. அப்பா பிவட்லேர்ந்து ஆக்ஸில் வரைக்கும் ரெண்டு பக்கமும் நூல் வச்சு அளந்துட்டு, "இந்தப் பக்கம் ஒரு நூல் தள்ளியிருக்கு"ன்னாரு. அப்புறம் பின்னாடி போய், ஒரு கண்ணை மூடிக்கிட்டு, செவுத்து வரிசை பாக்கற மாதிரி செயினைப் பாத்தாரு. ஸ்ப்ராக்கெட்டுல செயின் ஒரு பக்கமா ஒதுங்காம நடுவுல ஓடணும். சக்கரம் கோணலா இருந்தா பல்லோட ஒரு பக்கம் மட்டும் மினுமினுன்னு தேய்ஞ்சிருக்கும், பாத்தாலே தெரியும்.

மூணாவது தப்புதான் பெரிசு. அளவு சரியா வந்துச்சு. சந்தோஷமா ஆக்ஸில் நட்டை டைட் பண்ணேன். மறுபடி அளந்தா அளவு மாறிப் போச்சு! நட்டு இறுகறப்ப ஆக்ஸில் லேசா நகர்ந்துடுது. மறுபடி லூஸ், மறுபடி அளவு, மறுபடி டைட். மூணு ரவுண்டு போச்சு. அப்புறம்தான் ஒரு வித்தை தெரிஞ்சுது: பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவுல ஒரு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியோ, சுருட்டின துணியோ வச்சு, சக்கரத்தைக் கையால பின்பக்கமா லேசா உருட்டணும். செயின் இழுத்துக்கிட்டு ஆக்ஸிலை அட்ஜஸ்டர் மேல அழுத்திப் பிடிச்சுக்கும். அப்படியே வச்சுக்கிட்டு நட்டை இறுக்கணும். அளவு அசையாது. டார்க் ரெஞ்ச் இருந்தா மேனுவல்ல போட்டிருக்கற கணக்குக்கு இறுக்குங்க. லாக் நட்டை மறக்காதீங்க.

நாலாவது: அளக்கறதுலயே தப்பு. செயின் சும்மா தொங்கற இடத்துலேர்ந்து மேல மட்டும் தள்ளி அளந்தேன். என்னோடது மாதிரி வண்டியில ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல, கீழ்ப் பக்கச் செயினை முழுக்கக் கீழ இழுத்து ஒரு குறி, முழுக்க மேல தள்ளி ஒரு குறி. ரெண்டுக்கும் நடுவுல உள்ளதுதான் கணக்கு. கேடிஎம்காரங்க மேனுவலைப் பாத்தா வேற மாதிரி இருக்கும். செயினை மேல தள்ளி, அதுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அளக்கச் சொல்வாங்க. அவங்க எண்ணை எடுத்து இவங்க முறையில அளந்தா, நேரா கொல்லிமலைதான்.

எல்லாம் முடிஞ்சு, சுண்டுவிரல் சோதனையும் பாஸ் ஆயி, கயிறை அவுத்து, மச்சான் இறங்கி, ஸ்டாண்டுல போட்டு, ஸ்கேல் வச்சுக் கடைசி அளவை எடுத்து ஒரு பேப்பர்ல எழுதினேன். மூணரை மணி நேரம்.

அன்னிக்கு ராத்திரி, செகண்ட் ஹேண்டுல வாங்கினப்ப வராத ஓனர்ஸ் மேனுவலை நெட்ல தேடிப் பிடிச்சேன். செயின் பக்கத்தைத் திறந்தேன்.

நான் எழுதின எண் அதுல போட்டிருந்த அளவுக்குள்ளயே இருந்துச்சு.

அப்பாகிட்ட காட்டினேன். "மொதல்லயே இதைப் படிச்சிருந்தா என்ன?"ன்னாரு. மச்சான் அதுக்கப்புறம் ஒரு வாரம் முதுகு வலின்னான்.

(போன வாரம் அதே மச்சான்தான் என் வண்டியைப் பாத்துட்டு, "மாமா, செயின் தொங்குது"ன்னான். அவ்ளோ எம்பிக் குதிச்சவன்!)

அந்த எண் என்னன்னு கேக்கறீங்களா? சொல்ல மாட்டேன். சொன்னா உங்க வண்டிக்கும் அதையே வச்சிடுவீங்க. பொதுவா ஊர் வண்டிங்களுக்கு 20, 30 மி.மீ. சொல்வாங்க. அட்வென்ச்சர் வண்டிங்களுக்கு 35, 40-ன்னு போகும், சிலதுல அதையும் தாண்டும். ஒரே கம்பெனி, ரெண்டு மாடல், ரெண்டு எண். சென்டர் ஸ்டாண்டுல அளக்கறதா சைடு ஸ்டாண்டுல அளக்கறதான்னும் மேனுவல்ல இருக்கும். சென்டர் ஸ்டாண்டுல பின் சக்கரம் முழுக்கத் தொங்கும், சைடு ஸ்டாண்டுல வண்டியோட எடை கொஞ்சம் ஷாக்கை அழுத்தும். அதுலயே அளவு மாறிடும்.

இன்னொரு பாடம் ஃபெஞ்சல் புயல்ல கிடைச்சுது.

2024 நவம்பர் 30 ராத்திரி. மறக்கற ராத்திரியா அது? ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணை வெள்ளம் வேற பாகூர் பக்கமெல்லாம் புகுந்துடுச்சு. என் வண்டி வாசல்ல முழங்கால் தண்ணியில நின்னுச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா செயின் மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி செக்கச்செவேல்னு துரு. கடல் காத்து ஊரு வேற, சாதாரண நாள்லயே ரெண்டு வாரம் எண்ணெய் காட்டலைன்னா செவந்துடும்.

துருவைத் துடைச்சு எண்ணெய் போட்டு, அளந்து, சரியா வச்சுட்டுக் கிளம்பினேன். வண்டி ஓடறப்ப 'ங்ங்... ங்ங்... ங்ங்'னு விட்டு விட்டு ஒரு அழுகை. வீட்டுக்காரி என்னைப் பாத்தா. இந்த வாட்டி டயர்னு சொல்லல.

சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உருட்டி நாலஞ்சு இடத்துல அளந்தேன். ஒரு இடத்துல 40, இன்னொரு இடத்துல 25! சில லிங்க் துருப்பிடிச்சு மடங்காம விறைச்சிருக்கு, சில லிங்க் தேய்ஞ்சிருக்கு. நான் தொங்கற இடத்துல அளந்து, அதுக்கு ஏத்த மாதிரி டைட் பண்ணியிருக்கேன். விறைச்ச இடம் சுத்தி வர்றப்ப எல்லாம் அழுகை. எப்பவுமே ரொம்ப விறைப்பா இருக்கற இடத்தைத் தேடிப் பிடிச்சு அங்கதான் அளவு வைக்கணும். இடத்துக்கு இடம் இவ்ளோ வித்தியாசம் இருந்தா அட்ஜஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல, செயினுக்குக் காரியம் பண்ற நேரம் வந்தாச்சு.

'செயின் நீண்டு போச்சு'ன்னு சொல்றோம்ல, இரும்பு ஒண்ணும் ரப்பர் மாதிரி நீளறது இல்ல. ஒவ்வொரு லிங்குலயும் ஒரு பின், அதைச் சுத்தி ஒரு புஷ், அதுக்கு மேல உருளை. ஹான்ஸ் ரெனால்டுன்னு ஒருத்தர் 1880-ல மான்செஸ்டர்ல கண்டுபிடிச்ச அமைப்பு, இன்னிக்கும் அடிப்படை அதேதான். பின்னும் புஷ்ஷும் உரசி உரசி, ஒரு லிங்குக்கு 0.1 மி.மீ. தேஞ்சாலே நூத்திச் சொச்சம் லிங்குல ஒரு சென்டிமீட்டருக்கு மேல நீளம் கூடிடும். பின் ஸ்ப்ராக்கெட்டோட பின்பக்கத்துல செயினை வெளிப்பக்கமா இழுத்துப் பாருங்க. பல்லு பாதி வெளிய தெரிஞ்சா அது முடிஞ்சுது.

செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூணையும் செட்டா மாத்தினேன். 'செயினை மட்டும் மாத்திக்கோங்க, ஸ்ப்ராக்கெட் இன்னும் ஓடும்'னு சொல்றவங்களை நம்பாதீங்க. தேஞ்ச பல்லு புதுச் செயினைச் சீக்கிரமே தின்னுடும். கடையில கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாடி அடுக்கியிருந்ததுல பாதி நம்ம ஊர் சரக்கு. ரோலான் கோயம்புத்தூர் எல்.ஜி.பி. கம்பெனியோடது, டயமண்டு அம்பத்தூர்ப் பக்கம். பேரைப் பாத்து ஏதோ ஃபாரின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

எண்ணெய் பத்தி நிறைய சண்டை இருக்கு, நான் நடுவுல வரல. ஹிமாலயன் மாதிரி வண்டிங்கள்ல வர்றது ஓ-ரிங் செயின். உள்ளுக்குள்ள கிரீஸை அடைச்சு ரப்பர் வளையம் போட்டு மூடியிருப்பாங்க. பெட்ரோல் ஊத்திக் கழுவினா அந்த ரப்பர் கெட்டுப் போகும், கம்பி பிரஷ் போட்டுத் தேச்சா கிழிஞ்சிடும். மண்ணெண்ணெய், இல்லைன்னா செயின் கிளீனர், பழைய டூத் பிரஷ். (பழசான்னு நல்லா கேட்டுட்டு எடுங்க. அம்மா இன்னும் என்னை மன்னிக்கல.) ஓட்டிட்டு வந்து செயின் சூடா இருக்கறப்ப 90 கியர் ஆயிலோ ஸ்ப்ரேயோ போட்டு, அதிகமா வழியறதைத் துடைச்சிடுங்க. நல்லவாட்டுக் கடற்கரையில மணல்ல இறக்கிட்டு வந்தவங்க மொதல்ல மணலைக் கழுவுங்க. எண்ணெயும் மணலும் சேர்ந்தா உப்புத்தாள்தான்.

கடைசியா ஒண்ணு. இதுல விளையாட்டு கிடையாது.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஓட விட்டு, கியர்ல போட்டு, சுத்துற செயின்ல துணி பிடிச்சுத் துடைக்கற பழக்கம் நம்மூர்ல நிறைய பேருக்கு இருக்கு. வேலை சீக்கிரம் முடியுமாம். எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தருக்கு வலது கை சுட்டுவிரல்ல நுனி இல்ல. துணி செயின்ல மாட்டுச்சு, துணியோட விரலும் போச்சு. கையை எடுக்க நேரமே கிடைக்கலையாம். இன்னிக்கும் டீ கிளாஸை நடுவிரல்லயும் கட்டைவிரல்லயும் பிடிச்சுத்தான் குடிப்பாரு.

சக்கரத்தைக் கையால உருட்டுங்க. பத்து நிமிஷம் கூட ஆவட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது.

இந்த ஞாயித்துக்கிழமை மேனுவலைத் தேடி எடுங்க, ஸ்கேலைப் பொண்ணுகிட்ட கேட்டு வாங்குங்க, நியூட்ரல்ல போடுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, சாவியைக் கழட்டி பாக்கெட்டுல போட்டுட்டு, அப்புறமா செயின் பக்கம் கையைக் கொண்டு போங்க.